வெளியே பார்க்கும் கண்

பதினெட்டு வருஷமாக லாஸ்பேட்டையில்
கேட் வரைக்கும் போய் வந்தவன் நான்.
மீட்டர் பெட்டியைத் திறப்பேன்,
எண்ணைக் குறிப்பேன், சீட்டைச் செருகுவேன்.
எந்த வீட்டில் இரவு முழுக்க ஏ.சி. ஓடுகிறது,
எந்த வீட்டுப் பிள்ளைகள் வெளிநாடு போய்
யூனிட் பாதியாகிவிட்டது,
எல்லாம் தெரியும்.
ஒரு வீட்டிலும் தண்ணீர் குடித்ததில்லை.

ரோஜா சங்கத்தில் சேர்ந்தது,
என் செடி செத்துப்போனது
எனக்கே தெரியாததால்.
நர்சரியில் மஞ்சள் ரோஜா என்று கொடுத்தார்கள்.
ஆளுயரம் வளர்ந்தது. பூக்கவே இல்லை.
சவரிநாதன் வீட்டு மொட்டைமாடி, இரண்டாம் ஞாயிறு.
செல்போன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து
அமலோற்பவம் டீச்சர் சொன்னார்:
"எண்ணுங்க சார், காம்புக்கு ஏழு இலை.
ஒட்டுக்குக் கீழேருந்து கிளம்பின காட்டுச்செடி இது.
உங்க ரோஜா எப்பவோ போயிடுச்சு.
நீங்க தண்ணி ஊத்தினது
அதைக் கொன்னவனுக்கு."
மாடியே சிரித்தது.
அவமானமாக இருந்தது.
அடுத்த மாதமும் போனேன்.

பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.
பதினோரு பேர். சந்தா ஐம்பது.
பொதுவில் ஒரே ஒரு நல்ல கவாத்துக் கத்தரி,
அது யார் வீட்டில் இருக்கிறதென்று
மாதாமாதம் தகராறு.
எலும்புத்தூளை மூட்டையாக வாங்கினால்
கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் மிச்சம்;
கணக்கு நோட்டு என்னிடம்.
குருசுக்குப்பத்திலிருந்து அஞ்சலாட்சி
வாளியில் மீன்குடல் கொண்டுவருவாள்.
வெல்லம் போட்டு இருபத்தொரு நாள் மூடிவைப்போம்.
திறக்கிற அன்று
பக்கத்து வீட்டு ஜன்னல்கள் தாமாகச் சாத்திக்கொள்ளும்.
போர் தண்ணீரின் உப்பு
முதலில் இலையின் ஓரத்தில்தான் கையெழுத்துப் போடுமென்று
ஹாஜா மொய்தீன் சொல்லித் தெரிந்தது.
அவர் வீட்டு ஏப்ரல் மாத யூனிட்
நானூற்றுப் பன்னிரண்டு என்பது
எனக்கு முன்பே தெரியும்.

வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது:
வெளியே பார்க்கும் கண்ணுக்கு மேலே,
கால் அங்குலம் விட்டு, சாய்வாக.
உள்ளே பார்க்கும் கண்ணை விட்டுவைத்தால்
செடி தன்னையே கட்டிக்கொண்டு
மூச்சுத் திணறும்.
முறை ஒன்றுதான், கை வேறு வேறு.
டீச்சருடையது ஸ்கேல் வைத்த மாதிரி.
ஹாஜா பயந்து பயந்து ஒரு விரல்நீளம் விடுவார்.
அஞ்சலாட்சி ஒரே இழுப்பு,
வஞ்சிரம் துண்டு போடுகிற சாய்வு.

புரட்டாசியில் மனைவிக்கு ஆபரேஷன்.
பதினாறு நாள் ஜிப்மர் வராந்தா.
யாரிடமும் சொல்லவில்லை,
அந்த ஞாயிறு போகவில்லை, அவ்வளவுதான்.
ராத்திரி ஆட்டோவிலிருந்து அவளை இறக்கி,
மாத்திரைப் பையோடு கேட்டைத் திறந்தவன்
பழக்கதோஷத்தில் மீட்டரைப் பார்த்தேன்.
ஃபிரிட்ஜைக்கூட அணைத்துவிட்டுப் போன வீட்டில்
ஏழு யூனிட் ஓடியிருக்கிறது.

மோட்டார் சுவிட்ச் படிக்கட்டுக்கு அடியில், வெளியே.
அவளைப் படுக்கவைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.
தொட்டி மண் ஈரம்.
கருகியிருக்க வேண்டிய நுனிகள் எங்குமில்லை.
செல்போன் வெளிச்சத்தில் ஒரு கிளையைத் திருப்பினேன்.
வஞ்சிரச் சாய்வு.
அடுத்த தொட்டியில் ஸ்கேல்.
மூலையில் ஒன்று,
விரல்நீளம் விட்டு.

ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.
"நாங்களா? உங்க வீடு எந்தத் தெருன்னே தெரியாதே"
என்றார் டீச்சர், சாம்பல் நோய் பற்றிப் பேசப் போனார்.
கத்தரி எங்கே என்று வழக்கமான சத்தம்.
கடைசியில் அஞ்சலாட்சி
வாளிக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள்,
யார் முகத்தையும் பார்க்காமல்.
நோட்டைத் திறந்தேன்.
தேதி போட்டு,
கத்தரி வரவு, ஒன்று
என்று எழுதினேன்.