ஆகஸ்ட் பக்கம்

டிரம் பழுதுபார்க்க வந்த இத்தாலிக்காரன்
விட்டுப்போன காலண்டர்.
பேர்ணாம்பட்டுத் தோல் ஷெட்டில்,
ரகம் பிரிக்கும் என் மேசைக்கு மேல்,
ஆகஸ்டிலேயே நிற்கிறது.
இப்போது பங்குனி.

பர்த்தலோமேயு. உயிரோடு தோலுரிக்கப்பட்டவர்.
நம் தொழிலுக்கு இவர்தான் காவல் என்று
பாதி சைகையில் சொன்னான்.
உரிபட்டவரை
உரிப்பவர்களுக்குக் காவல் வைத்தது யாரோ,
கொஞ்சம் குறும்பு இருந்திருக்க வேண்டும்.

படம் பார்க்கத் தெரியாது எனக்கு.
தோல் பார்க்கத் தெரியும்.
வெளிச்சத்துக்கு விரி,
முதலில் முதுகுக் கோட்டைத் தேடு,
பிறகு இரண்டு பக்கமும் எப்படி விழுகிறதென்று பார்.

கோடு கிடைத்தது:
மேகம் பிளந்து தொங்கும் தூதனின் கை,
புனிதரின் நெற்றி, அவர் பிடித்திருக்கும் கத்தி,
அப்படியே சரிந்து
வலது கீழ்மூலையில் ஒரு வாளி.
பரலோகத்தில் தொடங்கி
வாளியில் முடிகிற கோடு.

மேலே மரியாளின் முக்காட்டில் அந்த நீலம்.
மலைக்கல்லை இழைத்துப் பொன் விலைக்குப் பூசுவார்களாம்.
எங்களிடம் நீலம் மலிவு.
குரோம் டிரம்மைத் திறந்தால்
ஈரம் சொட்டச் சொட்ட
மூவாயிரம் முக்காடுகள்.

புனிதர் தன் தோலைத் தானே
முழங்கை மேல் போட்டிருக்கிறார், துவைத்த வேட்டி மாதிரி.
முள் கீறல் இல்லை. உண்ணிக் கடி இல்லை.
கத்தி தவறிய இடம் ஒன்றுகூட இல்லை.
ஊர் ஊராக நடந்த மனுஷனுக்கு
ஓர் அம்மைத் தழும்பாவது வேண்டாமா?
இவன் துணியைப் பார்த்துத் தோல் வரைந்திருக்கிறான்.

பொய், என்றேன்.
"மோட்சத்துல எல்லா வடுவும் போயிடும்க்கா"
பக்கத்து மேசை ரெஜினாள்.
அப்போ ஆணித் துளை மட்டும் ஏன் மிச்சம்?
அவள் தோல்களை எண்ணத் தொடங்கினாள்.
நாற்பதில் விட்டு, மறுபடி ஒன்றிலிருந்து.

ஒரு சாயங்காலம்
ஜன்னல் வெயில் வாளிக்கு வந்தது.
அங்கே ஒருவன் குனிந்து கை கழுவுகிறான்.
அதுவரை நிழல் என்று நினைத்திருந்தேன்.
படத்தில் எல்லோரும் மேலே பார்க்க
தன் கையைப் பார்ப்பவன் அவன் ஒருவன்தான்.
கறுத்த நகக்கண்.
சுண்ணாம்பு தின்ற விரலிடுக்கு.
கட்டைவிரலடியில் காய்த்துப்போன மேடு.

இதைக் கற்பனையில் வரைய முடியாது.
தோல் குழி ஓரம் நின்றிருக்கிறான் அந்த ஓவியன்,
மூக்கைப் பொத்திக்கொண்டாவது.

வாளித் தண்ணீரை எங்கே கொட்டினார்கள்
என்பது படத்தில் இல்லை.
பாலாறு சட்டத்துக்கு வெளியே.

சாக்பீஸால் ஓரத்தில் எழுதினேன்:
தோல், மூன்றாம் ரகம்.
கை என்று எழுதி
ரகம் போடாமல் நிறுத்திவிட்டேன்.

பக்கத்தைத் திருப்பச் சொல்கிறார் மேஸ்திரி.
லோடு நிற்கிறது.
கழுத்திலிருந்து வால்வரை
கையை ஓடவிடுகிறேன், ஒரு தோல், அடுத்த தோல்.
செப்டம்பரில் யார் என்று
இன்னும் பார்க்கவில்லை.