அரைப்பேர்

வெள்ளிக்கிழமை மத்தியானம்
பட்டியல் என் மேசைக்கு வரும்,
மழையில் ஓரம் சுருண்டு,
ஊசிமலைத் தோட்டத்துச் செம்மண் விரல்ரேகையோடு.
மண் சரிந்து எட்டு லயக்காம்பரா போனபின்
பள்ளிக்கூடத்தில் நூற்றுப் பதினான்கு குடும்பம்.
ஹட்டன் அலுவலகத்தில் உட்கார்ந்து
பேர்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.

பேனாவில் எழுதியதை ஏற்று,
பென்சிலில் இருப்பதை விடு,
அதெல்லாம் இன்னும் விசாரிக்கணும் என்றார்
களத்தில் நிற்கிற அதிகாரி.
விட்டேன்.

ஐந்து வெள்ளி விட்டேன்.
பென்சில் பேர்கள் எல்லாமே பெண்கள்,
புருஷன் கொழும்பில்,
அல்லது புருஷன் மண்ணுக்குள்.
கண் பார்த்தது. விரல் தட்டிக்கொண்டே போனது.
சில பேர் அடுத்த வாரம் பேனாவுக்கு மாறியிருக்கும்,
கீழே அழித்த தடத்தோடு.
விசாரணை முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.
நினைத்தேனா,
தேநீர்தான் குடித்தேன்.

முறைப்பாட்டுப் பெட்டி இருந்தது முகாமில்.
நீல நிறம், நல்ல பூட்டு.
அவர் நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டி,
சாவி அவர் பெல்டில்.
மேலே மும்மொழிச் சுவரொட்டி.
தமிழுக்கு வழமைபோல ஓர் எழுத்து குறைவு:
'உதவிக்கு விலை இல்லை' என்பதில்
ல் ஒன்று விழுந்து
'உதவிக்கு விலை இலை.'
கொழுந்து நிறுத்தே கை காய்த்தவர்கள்
முதல் நாள் வாசித்துச் சிரித்தார்களாம்.

பெட்டியில் எதுவும் போடாமல்
பஸ் ஏறி வந்தவள் ஜெயபாக்கியம்.
நனைந்த சேலையோடு நாற்காலி நுனியில் இருந்து
சுவரைப் பார்த்துச் சொன்னாள்:
"படங்கு வேணும்னா அந்திக்கு ஸ்டோருக்கு வரச் சொன்னாரு.
ஒத்தையில வரச் சொன்னாரு.
நா போகல. படங்கும் இல்ல.
போனவ பேர நா சொல்லமாட்டேன்.
வீடு போச்சு, பேராவது அவகிட்ட இருக்கட்டும்."

பிறகு,
"மடுவத்துல கொழுந்து கொறஞ்சா அரைப்பேர் போடுவாங்க.
தராசுல முள்ளு ஆடுறது நம்ம கண்ணுக்குத் தெரியும்.
இந்த அரைப்பேருக்கு
எது மிஸ் தராசு?"

எழுத்தில் இருக்கிறதா என்றார் மேலாளர்.
சாட்சி யார் என்றார்.
அடுத்த மாதம் நிதி தருகிறவர்கள் வருகிறார்கள்,
நல்ல மனுஷன், மழையில் நின்று வேலை செய்தவன் என்றார்.
மழையில் நின்றது உண்மைதான்.
நூற்றுப் பதினான்கு குடும்பமும் நின்றது.

அலுமாரி திறந்து
ஐந்து தாளையும் ஜன்னலில் பிடித்தேன்.
அழித்தது அழியவில்லை,
ஈயம் போய் அழுத்தம் நின்றது.
பேர்களின் மேல் காகிதப் பட்டி ஒட்டி மறைத்து
பிரதி எடுத்தேன்.
பதினேழு பென்சில், அதில் பேனாவானது ஆறு, என்ன தேதி,
அன்று ஸ்டோரிலிருந்து போன படங்கு எத்தனை.
கீழே
தட்டச்சு செய்தவர்: சு. தயாளினி.
அந்த ஒரு பேரை மறைக்கவில்லை.
கொழும்புத் தலைமையகத்துக்கு
பதிவுத் தபாலில் அனுப்பினேன்,
பற்றுச்சீட்டு பர்சில்.

இப்போது பெட்டி தண்ணீர்க்குழாய்ப் பக்கம்,
பெண்கள் குடத்தோடு நிற்கிற இடம்.
சாவி வேறு ஊரில், வேறொருத்தியிடம்.
இன்னும் யாரும் எதுவும் போடவில்லை.
போன வாரம் ஒரு சின்னப்பிள்ளை
மிட்டாய்த் தாள் போட்டது.
ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று
திரும்ப ஆட்டிப் பார்த்ததாம்.

நேற்று ஒரு கடிதம் வந்தது என் மேசைக்கு.
அவருக்கு மொனராகலைக்கு இடமாற்றம்.
அங்கேயும் வெள்ளம், அங்கேயும் முகாம்,
அங்கேயும் ஒரு பட்டியல் இருக்கும்.
'அன்னாரின் அர்ப்பணிப்பான சேவைக்கு' வரை தட்டினேன்.

பாதியில் நிற்கிறது.
இரண்டு தரம் கேட்டுவிட்டார் மேலாளர்.
மூன்றாம் தரம் கேட்டால்
இன்னும் விசாரிக்கணும் என்பேன்.