தும்பையில் நானூற்றுப் பன்னிரண்டு

திசையன்விளைக்குத் தெற்கே, தேரிமணல் சிவக்கத் தொடங்கும் இடத்தில்
ஒற்றை உடைமரம்.
குடை என்பார்கள். நிழலில் பாதி வெயில்.

அதன் காலடியில் இருபத்தைந்தடிக்குக் குழாய் இறக்கி
ஒரு சின்னச் சீசா தண்ணீரை ஊற்றினோம்.
பார்க்கத் தண்ணீர். முகர்ந்தாலும் தண்ணீர்.
அதன் ஐதரசன்களில் சில மட்டும்
கொஞ்சம் கனத்தவை, நிலைகொள்ளாதவை.
பன்னிரண்டு வருஷத்தில் பாதிப்பேர்
வேறொன்றாகிவிடுவார்கள்.
ஆகிற கணத்தில் ஒரு முனகல்,
தாளைக்கூடத் தாண்டாத முனகல்.
அதைக் கேட்கத்தான் எங்களிடம் எந்திரம்.

வேலிக்கு வெளியே நின்று பிரம்மசக்தி கேட்டாள்:
"கூடங்குளத்து ஆளுகளா?"
இல்லை, காலேஜ்.
"ஊத்துனது அணுவா?"
ஆமாம் என்று சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரத்தில்
அவளுடைய பதினோரு ஆடுகளும் என்னைப் பார்த்தன.

இந்த மரத்து நெற்று அவள் குத்தகை.
இந்தப் பருவம் ஆடு அண்டக்கூடாதென்றால்
நெற்றுக்கு யார் துட்டு?
மூவாயிரம் கேட்டு இரண்டாயிரத்து முந்நூறில் நின்றாள்.
வவுச்சரில் 'ஆட்டுத் தீவனம்' என்று எழுதினேன்.
தாவரவியலுக்கு ஆடு எதற்கு என்று
கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது.

மூன்றாம் நாள் உச்சி இலைகளில் முனகல் கேட்டது.
எதிர்பார்த்ததுதான். குறித்துக்கொண்டோம்.

மரத்துக்கு நாலடி தள்ளி ஒரு தும்பை.
ஒப்பீட்டுக்கென்று நூல் கட்டி விட்டது.
ஒரு சாண்கூட இறங்காத வேர்.
அதில் ஒன்றும் இருக்கக்கூடாது,
ஒன்றும் இல்லாமலிருப்பதுதான் அதன் வேலை.
வெறும் தண்ணீருக்கே நிமிடத்துக்குப் பதினெட்டு வரும்,
எந்திரத்தின் சொந்த இரைச்சல்.

தும்பையில் நானூற்றுப் பன்னிரண்டு.

ஜெபசீலனைக் கத்தினேன்.
கையுறை மாற்றியிருக்கமாட்டாய், ஊசி சொட்டியிருக்கும்,
நாலு மாத உழைப்பு, ஒரு சொட்டு.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடிக் குழல்கள் அத்தனையையும் மறுபடி கழுவினான்.
பாளையங்கோட்டையில் முதல் பஸ் ஏறி
தனியாகப் போய் இலை கிள்ளி வந்தான்.

காலையில் கிள்ளியது முந்நூற்றுத் தொண்ணூறு.
சாயங்காலம் கிள்ளியது நூற்று நாற்பது.
மறுநாள் விடியலில் திரும்பவும் நானூற்றுக்கு மேல்.

சொட்டிய ஊசிக்குப்
பகல் ராத்திரி தெரியாது.

பிறகுதான் காகிதத்தில் வரைந்து பார்த்தேன்.
பகலெல்லாம் இலைகள் இழுக்கும்.
இருட்டியதும் இலைத்துளைகள் மூடும், இழுக்க ஆளில்லை.
கீழே ஈரம்.
மேலே பங்குனி வெயிலில் வறண்ட மணல்.
ஆழவேரில் ஏறிய நீர்
உச்சிக்குப் போகாமல் பக்கவேருக்குத் திரும்பி
மணலில் கசிகிறது.
அங்கே தும்பை இருக்கிறது.

அறிக்கையில் 'மரம் கொடுக்கிறது' என்று எழுதி அடித்தேன்.
'பகிர்கிறது' என்பதையும் அடித்தேன்.
மண்ணின் வறட்சி இழுத்தது,
வேர் தடுக்கவில்லை.
அவ்வளவுதான் எண்கள் சொன்னது.

ஜெபசீலனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.
வேறு வார்த்தை வரவில்லை எனக்கு.
குடித்துவிட்டுக் கிளாசைக் கழுவப் போனான்,
கடைக்காரர் பிடுங்கி வைத்தார்.

நாற்பத்தோராம் நாள்
தும்பையை வேரோடு பிடுங்கி
இரட்டைப் பையில் கட்டி மஞ்சள் சீட்டு ஒட்டினோம்.
பத்துப் பன்னிரண்டு பூ இருந்தது.
தேனீ வந்திருக்கும்.
அதை நாங்கள் எண்ணவில்லை.

குழாயை உருவும்போது பிரம்மசக்தி வந்தாள்.
"என்ன கண்டுபிடிச்சிய?"
சொன்னேன். ராத்திரி, வேர், கசிவு.
மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள்.
"நெத்துக்குத் துட்டு தந்துட்டிய.
அந்தத் தண்ணிக்கு யார்ட்ட குடுப்பிய?"

திரும்பி வந்த வவுச்சர் கைப்பையில்தான் கிடந்தது.
பின்பக்கம் காலி.