விகுதி

எனக்குச் சம்பளம் வரிக்கணக்கில்.
தமிழ்த் தொடர்களுக்கு மலாய் வசனம் அடிக்கிறேன்:
திரைக்கு அடியில் இரண்டு வரி, நாலு நொடி.
மலாயில் ஒரு வசதி,
அவன், அவள், அவர் எல்லாமே 'டியா'.
யாரையும் எடைபோடாமல் வேலையை முடித்துவிடலாம்.

வியாழன் இரவு ஒன்பது மணிக்குச்
செந்தூல் மங்களேஸ்வரி உணவகத்தில்
அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு அது இல்லை.
வாயைத் திறந்தால்
கடைசி எழுத்தில் தீர்ப்பு வந்துவிடும்.

முதல் பகுதி. நள்ளிரவு.
லாரி ஓட்டும் குணாளன்
இரும்புக் கம்பியால் பூட்டை நெம்புகிறான்.
குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறான்.
"கட்டையில போறவன்" என்றார் கல்லாவிலிருந்த பத்மாவதி.
நாசிக் கோரேங் தின்றுகொண்டிருந்த டாக்சிக்காரர்
மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாகச் சொன்னார்.

எட்டு வாரம் இப்படியே.
குழந்தையின் அம்மா அழும்போதெல்லாம்
ரொட்டி வீசும் கை நின்றது.
நெற்றியில் திருநீறு, நூல் சேலை,
பின்சுவரில் பத்துமலை முருகன்.
வேறென்ன சாட்சி வேண்டும்?

எனக்கு முன்பே தெரியும்.
பதின்மூன்று பகுதியும் என் கணினியில் இருந்தது.
ஆனாலும் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டு
நானும் 'அவன்' என்றுதான் பேசினேன்.

ஒன்பதாம் பகுதி.
அதே இரவு, கேமரா மட்டும் வீட்டுக்குள்.
கேஸ் கசியும் சத்தம்.
வெளியே பூட்டிய கதவு.
இரண்டு தெரு தள்ளி, சூதாட்ட மெஷின் முன்னால்,
திருநீறு கலையாமல்
பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறாள் அம்மா.

மிச்சக் காசு எண்ணுவதை விட்டார் பத்மாவதி.
"அடப் பாவமே, அந்த மனுசன்
காப்பாத்தத்தான் போயிருக்காரு."
எட்டு வாரத்தில் முதல் 'ஆரு'.

அது காற்றில் இருக்கும்போதே
தெருவிளக்கின் கீழே
மயங்கிய குழந்தையின் கழுத்துச் சங்கிலியைக்
கழற்றிச் சட்டைப்பையில் போடுகிற
அவருடைய கை.

மசாலைத்தூள் விளம்பரம்.

"சங்கிலி..." என்றார் டாக்சிக்காரர்.
"ஆமா. சங்கிலி."
அதற்குமேல் அந்தக் கடையில்
யார் வாயிலும் வினைமுற்று வரவில்லை.
மேசை துடைக்கும் வங்காளதேசத்துத் தம்பி
'டியா அம்பில் ரந்தாய்' என்ற என் வரியை
முழுதாக வாசித்துவிட்டு
எங்கள் தட்டுகளை எடுத்துப் போனான்.

பதினொரு மணிக்கு என் அடுக்குமாடி லிஃப்டில்
இரும்புக் கம்பியும் கையுமாக
முன்பின் பேசியிராத ஓர் ஆள்.
கைப்பையை முன்பக்கம் இழுத்துக்கொண்டேன்.
எத்தனாவது என்று கேள்வி வரவில்லை,
நானும் சொல்லவில்லை.
கதவு மூடியது.
கிரீஸ் படிந்த விரல் ஒன்று
பன்னிரண்டை அழுத்தியது.

என் மாடி.