எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நாலு பேர் சேர்ந்து ஓர் ஆங்கில அகராதி வாங்கினோம்.
அடிஸ் அபாபாவின் பழைய புத்தகச் சந்தையிலிருந்து
காலி சாக்கு ஏற்றிய லாரியில் ஜிம்மாவுக்கு வந்தது,
அட்டை இல்லாமல்,
முதல் தாளில் யாரோ ஒரு பாதிரியின் கையெழுத்தோடு.

உதவித்தொகைத் தேர்வுக்கு இன்னும் நாலு மாதம்.
நாலு பேருக்கு ஒரு புத்தகம் எப்படிப் போதும்?
கசாப்புக் கடையில் வேலை பார்த்த தர்ஃபாசா
முதுகைத் தடவிப் பார்த்து வெட்டினான்.
ஓரங்களில் ஆட்டுக் கொழுப்பு ஒட்டிக்கொண்டது.
முதல் துண்டு ஒப்சேவுக்கு,
அதிகப் பணம் போட்டவள் அவள்.
அடுத்தது வெட்டியவனுக்கு. மூன்றாவது எனக்கு.
வாலோடு சேர்ந்த கடைசித் துண்டு வாக்ஜிராவுக்கு.
மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

அந்த மழைக்காலத்தில் எங்கள் வாயைக் கேட்டே
யாரிடம் எந்தத் துண்டு என்று சொல்லிவிடலாம்.
ஒப்சேவுக்கு எல்லாமே 'ஆம்பிகுவஸ்',
பஜாஜ்காரன் கேட்ட வாடகை உட்பட.
தர்ஃபாசா மாட்டு ஈரலைத் தூக்கிக் காட்டி
'எக்ஸ்க்விசிட்' என்பான்,
வாங்க வந்தவர் பயந்து எடையைச் சரிபார்ப்பார்.
நான் 'மெலன்கலி'யைக் கண்டெடுத்த வாரம்
அவேத்து ஆற்றுப் பாலத்தில் போய் நின்றேன்,
முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டு.
சொல் முதலில் வந்தது.
துக்கம் பின்னால்
முகவரி விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

கத்திக்கு அகரவரிசை தெரியாது.
என் துண்டு முடிவது எழுநூற்றுப் பன்னிரண்டில்.
அதன் அடிவரியில் 'ரினீக்' என்றொரு சொல்.
பொருள்: ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு
அவ்வளவுதான்.
மீதி வாக்ஜிராவிடம்.

முதல் மாற்றத்துக்கே அவன் வரவில்லை.
ஜிபூட்டி துறைமுகத்துக்குப் போகும் லாரியில்
கிளீனராக ஏறிவிட்டான் என்று
அவன் தங்கை வந்து சொன்னாள்.
துணிப்பையோடு புத்தகத் துண்டும் போயிருந்தது.
அப்பாவின் கடனைப் பற்றி
அவள் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை.

அதன்பின் மாதிரி வினாத்தாள்களில்
அவன் பக்கத்துச் சொற்கள் வந்தால்
குட்டையைத் தாண்டுவதுபோல் தாண்டினோம்.
ஒப்சே மட்டும் திட்டிக்கொண்டே தாண்டினாள்.

ஒரு வியாழன் இரவு போன் அடித்தது.
மில்லே, லாரிகள் நிற்கும் இடம்.
"எழுதிக்கோ லலிசே."
வணக்கம் கிடையாது, நலமா கிடையாது.
'சாங்க்வின்.' எழுத்து எழுத்தாகச் சொன்னான்.
'டாசிட்டர்ன்.'
பின்னணியில் டீசல் உறுமல்,
அஃபார் மொழியில் ஆட்டு விலைச் சண்டை,
யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
"டென்யுவஸ். மெலிந்தது. இழை போன்றது.
எந்த நேரமும்"

அறுந்தது.

அடுத்த வியாழன் அவன் அதற்கடுத்த சொல்லிலிருந்து தொடங்கினான்.
நானும் திரும்பக் கேட்கவில்லை.
பிறகு தேர்வில் முப்பத்தோராம் கேள்வியாக அது வந்தபோது
நாலு விடைகளையும் முழுக்கப் படிக்காமலே டிக் அடித்தேன்,
காதில் இன்னும் அந்த உறுமல் இருந்தது.

ஏழு வியாழன்கள். எல்லாவற்றையும் வாசிக்கவில்லை,
பென்சிலால் கோடிட்டவை மட்டும்.
கோடிட்டது யார்? பாதிரியா, அவனா?
கடைசி எழுத்தில் ஒன்றே ஒன்று தேறியது.
'ஸெனித்.' வானத்தின் உச்சி.
அங்கே நட்சத்திரம் நிறைய என்றான்,
கம்பளி போதவில்லை என்றான்.

வைப்பான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.
"முதல் பக்கத்து உச்சியில் அரைவரி கிடக்கிறது,
தலையில்லாமல்.
'நேரம் வந்ததும் கைவிடுதல்.'
எந்தச் சொல்லுடைய பொருள் இது?
உன் கடைசித் தாளைப் பார்."

தாள் என் மடியில்தான் விரிந்து கிடந்தது.
விளக்கு நன்றாகவே எரிந்தது.
"கொழுப்புக் கறை," என்றேன்.
"படிக்க வரவில்லை."

ஒரு ஹாரன். இன்னொரு ஹாரன்.
"சரி விடு," என்றான்,
"தேர்வில் கேட்க மாட்டார்கள்."