சகலமானவர்களுக்கும்

சட்டமுன்வடிவு சென்னையிலிருந்து வந்தது,
நாற்பத்தொரு பக்கம், ஆங்கிலத்தில்.
மாநிலம் முழுமைக்குமான அவசர எச்சரிக்கை அமைப்பு.
கூடவே, குடியாத்தம் தாலுகாவில் ஒரு சோதனை.
பிழையில்லாமல் தமிழ் எழுதுகிறவள் என்று
என் மேசைக்குத் தள்ளினார் துணை வட்டாட்சியர்:
"மாதிரிச் செய்தி ஒண்ணு போட்டுக் குடும்மா.
வெள்ளத்துக்கு. எழுபது எழுத்துக்குள்ள."

எழுபது என்றால் நம் எழுபது இல்லை.
கம்ப்யூட்டர் புள்ளியைத் தனியாக எண்ணுகிறது,
கொம்பைத் தனியாக, காலைத் தனியாக.
'வெள்ளம்' என்றாலே ஏழு போய்விடும்.
'மோர்தானா' எட்டு.

பிரிவு மூன்று: பொதுமக்கள் என்பது
எச்சரிக்கைப் பரப்பெல்லைக்குள் அப்போது இருக்கும்
நபர் எவரையும் குறிக்கும்.
எவரையும்.
அந்தச் சொல்லின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் அப்பா காத்தவராயன்
இதையே சகலமானவர்களுக்கும் என்பார்.
தப்பட்டையில் மூன்று அடி, பிறகு,
இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்.
வீட்டுவரி, புளியமர ஏலம், காணாமல் போன எருமை.
தெருமுனையில் நின்று சொல்ல வேண்டும்,
உள்ளே போகாமல்.
செருப்பு கக்கத்தில்.
சகலமானவர்கள் மெத்தையிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

எனக்கு ஒன்பது வயது. ஐப்பசி.
அணை வழிகிறது, ராத்திரியே ஆற்றில் தண்ணீர் என்று
தலையாரி வந்து சொன்னபோது மணி ஏழரை.
அப்பா முதலில் கடைத்தெரு போனார்.
அப்புறம் மேட்டுத்தெரு, எண்ணெய்க்காரத் தெரு,
தறிக்காரர் தெரு நான்கும்.
ஒரு வீட்டில் "இன்னா சொன்ன, மறுபடி சொல்லு" என்றார்கள்,
அதற்கும் நின்று ஒரு தரம்.
வரிசை அப்படி. மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடியும்.
எங்கள் தெருவுக்கு அவர் திரும்பியபோது
சொல்ல எதுவும் மிச்சமில்லை,
தண்ணீரே சொல்லிவிட்டிருந்தது.

சின்னம்மாவை மூன்றாம் நாள் பாலத்தடியில் எடுத்தார்கள்.
தப்பட்டையும் ஊறிப் பிய்ந்துபோயிருந்தது.
அடுத்த வாரமே ஊர் கூடி
புதுத் தப்பட்டை வாங்கிக் கொடுத்தது.

தாழ்வான பகுதிகளில் வசிப்போர்
என்றுதான் தொடங்குகின்றன எல்லா எச்சரிக்கைகளும்.
பழைய கோப்புகளில் இருபது வருடமாய் அதே வரி.
தாழ்வான.
அடித்தேன்.
ஆற்றோரம் இருப்போர் என்று எழுதினேன்.
எண்ணிப் பார்த்தால் எழுத்தும் மிச்சம்.

பொய் எச்சரிக்கைக்கு மூன்றாண்டு சிறை, பிரிவு இருபத்தெட்டு.
தாமதமான எச்சரிக்கைக்கு ஒன்றுமில்லை.
இரண்டு முறை தேடினேன்.

செவ்வாய்க்கிழமை, பதினொன்று நாற்பது.
அலுவலகத்தின் பதினேழு செல்போன்களும் ஒன்றாக அலறின.
பட்டா மாற்ற வந்தவர் கையிலிருந்து மனு விழுந்தது.
டீ கொண்டுவந்த நதீம்
டம்ளர்களை ஏந்தியபடியே கண்ணை மூடிக்கொண்டான்.
பஜாரில், லுங்கித் தறிகளின் இடுக்கில், பீடி முறங்களில்,
கெங்கையம்மன் கோயில் உண்டியல் பக்கத்தில்,
உள்ளே வரலாமா என்று யாரையும் கேட்காமல்
போனது என் வரி.

அப்பாவைக் கூப்பிட்டேன்.
"கேட்டுச்சாப்பா அங்க?"
"கேட்டுச்சி. கையிலயே துள்ளுச்சி.
எந்தத் தெருவுக்கு மொதல்ல?"
"எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல."

கொசுமருந்து வண்டி ஒன்று
அவர் பக்கம் மெதுவாகக் கடந்து போனது.

"அப்ப," என்றார், "கொட்டுனவன் ஊட்டுக்கும்?"

ஆமாம் என்று வாயெடுப்பதற்குள்
கையெழுத்துக்குப் படிவம் வந்துவிட்டது.
சோதனை நிறைவு.
செய்தி சேராத எண்கள்: நானூற்றுப் பன்னிரண்டு.
எந்தெந்தத் தெரு என்று எழுத அதில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதத் தொடங்கினேன்.