சக்கை மணக்கும் கார்

ஷார்ஜாவிலிருந்து கார்கோவில் வந்த பெட்டிக்குள்
குழந்தை உட்காரும் இருக்கை,
கூடவே பதினொரு மொழிகளில் ஒரு கையேடு.
தமிழ் அதில் இல்லை.
படங்களை வைத்தே படித்தேன்,
மூன்று ராத்திரி.

பின்சீட்டில்தான் வைக்க வேண்டும்.
பிள்ளையின் முகம் பின்கண்ணாடியைப் பார்க்க வேண்டும்.
கார் பெல்ட்டைக் கோத்து,
முட்டுக்காலால் அமுக்கி இழுத்தேன்.
பிடித்து ஆட்டினால்
கார்தான் ஆடியது.

மதிலுக்கு அப்புறமிருந்து ஞானப்பூ அக்கா,
"பிள்ளைய என்னத்துக்குப் பிள்ளே திருப்பி வைக்கே,
அது வழி பாக்காண்டாமா?"
வழியை நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா,
அவள் கழுத்து இன்னும் வாழைத்தண்டு.

தம்பி அஜிலன் சிரித்தான்.
"மடிய விடவா ஒரு சீட்டு?"
கபடிக்காரன். பாலூர் அணிக்கு வலது மூலை.
பிடித்தால் விடமாட்டான் என்று பேர்.

ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில்
நாலு சக்கையை மாற்றி மாற்றி வைத்து
ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.
கூழன். பழுத்துக் குழைந்தது.
"இத மடியில வச்சுக்கோ" என்றேன்.
ஞாயிறு மதியம், திக்கணங்கோடு போகும் வழி,
முன்னும் பின்னும் ஆளில்லை, நாற்பதில் முள்.
எப்போது மிதிப்பேன் என்று சொல்லவில்லை.
அவன் யாரோ கல்யாணத்தில் பாயசம் தீர்ந்த கதையில் இருந்தான்.

அவனுக்கு பெல்ட் இருந்தது.
சக்கைக்கு அவன் கை மட்டும்.

டேஷ்போர்டிலிருந்து சுளையை வழித்தெடுக்கச்
சாயங்காலம் ஆயிற்று.
முள் கீறிய கையைத் துடைத்தபடி
அவன் ஒன்றும் பேசவில்லை.
மறு ஞாயிறு வேறு சக்கை, அதே பிரேக்.
இருக்கையில் வாரோடு கிடந்த அதற்குக்
காம்புகூட அசையவில்லை.

ஆடிச் சாரலில் பெல்வின் வந்து இறங்கினார்.
இவள் என் வயிற்றில் இருக்கையில் போனவர்.
விமான நிலைய வாசலில் பத்து நிமிடம் ஏந்தினார்.
பத்து நிமிடமும் இவள் அழுதாள்.
கார்க் கதவு திறந்ததும் மடியோடு உட்காரப் பார்த்தார்.
"சீட்டுல வையுங்க."
"ஷெரோன் எனக்கப் பிள்ளையாக்கும், ஜினிதா."
"அதனாலதான்."

பாறசாலை வரை யாரும் பேசவில்லை.
களியக்காவிளை தாண்டியதும் இவள் வீறிட்டாள்.
"கொஞ்சம் அவுக்கட்டா?"
அவர் கை கொக்கிக்குப் போயிற்று.
பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டி
எஞ்சினை நிறுத்தினேன்.
இப்போ எடுங்க.
எவ்வளவு நேரம் வேணுமோ வச்சுக்கோங்க.
வண்டி நகரும்போது மட்டும் வேண்டாம்.

நாற்பது நிமிடம் மழை.
அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக் கடித்து
இவள் அடங்கினாள்.

பிறகு அவரே வைத்தார்.
ஆசையாய் வாங்கிவந்து மாட்டிய பஞ்சுக் கோட்டை
நான் சொன்னதும் கழற்றினார்;
பஞ்சு அமுங்கினால் வார் தளரும்.
தோள்வாரின் முறுக்கை நீவி,
கொக்கி சொடுக்க,
இழுத்து,
தோளெலும்பின் மேல் வாரைக் கிள்ளிப் பார்த்தார்.
விரலுக்குள் மடிப்பு சிக்கவில்லை.

முன்சீட்டுக்கு வரவில்லை. அவள் பக்கத்திலேயே இருந்தார்.
பின்னோக்கி உட்கார்ந்த பிள்ளைக்குப்
பார்க்க வேறு முகம் இல்லை.
குழித்துறைப் பாலத்தில்
இவள் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்திருந்ததைக்
கண்ணாடியில் கண்டேன், ஒரு கணம்தான்,
முன்னால் மீன் லாரி.

கருங்கல் வரும்போது கேட்டார்,
"காருக்குள்ள என்ன ஒரு சக்கை மணம்?"
சொன்னேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
வைப்பர் இரண்டு மூன்று முறை போய் வந்தபின்,
"எத்தன கிலோ இருந்துது?"
எட்டே முக்கால்.
"இவ?"
ஆனியில எடுத்தப்போ
எட்டே முக்கால்.